பள்ளிப் பிள்ளைகளோடு தத்துவ விசாரம்: வகுப்பை நடத்தும் முறை

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தத்துவம் கற்பிக்க முன்வரும் ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதைக் கற்பிக்கப் போவதில்லை என்பதைத்தான். தத்துவ ஞானிகளின் பெயர்கள், அவர்கள் வாழ்ந்த நூற்றாண்டுகள், அவர்கள் நிறுவிய கொள்கைகள் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லிக் கொடுப்பது தத்துவ வரலாறு. அதற்கும் ஓர் இடம் உண்டு; ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு பாடமாகவே போய் முடியும். இந்தக் கட்டுரை விளக்குவது வேறொன்று. தங்களுக்கு உண்மையாகவே விளங்காத ஒரு கேள்வியைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு, காரணம் சொல்லி, பிறர் சொல்லும் காரணத்தை எடைபோட்டு, தேவைப்பட்டால் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, கூடி அமர்ந்து விசாரிக்கும் பழக்கத்தை வளர்ப்பதே இங்கே நோக்கம். இதற்கு ஆசிரியர் தத்துவத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை சொல்வதில் எது கருத்து, எது அதற்கான காரணம், எது வெறும் திரும்பக் கூறல் என்று பிரித்துக் கேட்கும் காது வேண்டும். அந்தக் காது பழகப் பழக வரும்.

பிள்ளைகளுக்கு இது ஆகாது என்ற எண்ணம் பழையது. பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் ஏழாம் பகுதியில், வாதத்தின் சுவையை முதன்முதலாக அறிந்த இளைஞர்கள் நாய்க்குட்டிகளைப் போல அருகில் வருவோரையெல்லாம் இழுத்துக் கடித்துக் குதறுவார்கள் என்று எச்சரித்து, தருக்கப் பயிற்சியை முப்பது வயதுக்குத் தள்ளிவைத்தார். இருபதாம் நூற்றாண்டில் உளவியலாளர் பியாஜே, பொதுமைக் கருத்துகளைக் கையாளும் சிந்தனை ஏறக்குறைய 11, 12 வயதில்தான் உருவாகிறது என்றார். இதற்கு மாறாக, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தருக்கம் கற்பித்துவந்த மாத்யூ லிப்மன், கல்லூரிக்கு வந்த பிறகு சிந்திக்கக் கற்பிப்பது காலம் கடந்த வேலை என்று உணர்ந்து, சிறுவர்களே பாத்திரங்களாக வரும் தத்துவக் கதைகளை எழுதத் தொடங்கினார். 1974-இல் ஆன் மார்கரெட் ஷார்ப் என்பவருடன் சேர்ந்து நியூ ஜெர்சியில் உள்ள மாண்ட்க்ளேர் கல்லூரியில் சிறுவர் தத்துவத்துக்கென ஒரு நிறுவனத்தை அமைத்தார். கேரத் மாத்யூஸ் என்ற தத்துவப் பேராசிரியர் சிறு பிள்ளைகளின் பேச்சுகளைத் திரட்டி 1980-இல் வெளியிட்ட நூலில், ஆறு வயதுப் பிள்ளையின் கேள்விகளிலும் அசலான தத்துவச் சிக்கல் இருப்பதை எடுத்துக்காட்டி, பியாஜே அவற்றைக் கவனிக்கத் தவறிவிட்டார் என்று வாதிட்டார்.

நான் லிப்மன், மாத்யூஸ் பக்கம் நிற்பவன். ஆயினும் பிளேட்டோவின் எச்சரிக்கையை ஒதுக்கிவிடக் கூடாது என்றே சொல்வேன். பழைய இந்தியத் தருக்க மரபான நியாய சாத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் நோக்கில் இருவர் பேசுவது வாதம். வெல்வதற்காக மட்டும் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் வைத்துக்கொள்ளாமல் எதிராளி சொல்வதை உடைப்பதையே வேலையாகக் கொள்வது விதண்டை. ‘விதண்டாவாதம்’ என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல் இதிலிருந்து வந்ததே. பிளேட்டோ பயந்த நாய்க்குட்டிகள் விதண்டை பயின்றவர்கள். நாம் கற்பிக்க வேண்டியது வாதம். கீழே சொல்லப்படும் முறைகளில் பெரும்பாலானவை, வகுப்பு ஜல்பத்துக்கும் விதண்டைக்கும் சரியாமல் வாதத்தில் நிற்பதற்காகவே அமைந்தவை.

தத்துவக் கேள்வியை அடையாளம் காண்பது

எல்லா ஆழமான கேள்வியும் தத்துவக் கேள்வி அல்ல. திமிங்கிலம் எவ்வளவு நேரம் மூச்சை அடக்கும் என்பது அறிவியல் கேள்வி. ஒரு நூலைப் புரட்டினால் விடை கிடைக்கும். எந்த விலங்கு உனக்குப் பிடிக்கும் என்பது விருப்பத்தைப் பற்றியது. அந்தப் பிள்ளை சொன்னால் அதுவே விடை. நம்மைப் போலச் சிந்திக்காத ஓர் உயிருக்கு வலி உண்டாக்குவது ஏன் தவறு என்பது இரண்டிலும் சேராது. திமிங்கிலத்தைப் பற்றிய தகவல்கள் எல்லாம் கையில் இருந்தாலும் கேள்வி அப்படியே நிற்கும்; அதே சமயம், ‘எனக்குத் தோன்றுவது இது’ என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது, காரணம் கேட்கப்படும். தகவல் எல்லாம் தெரிந்த பிறகும் காரணத்தால் மட்டுமே நகரக்கூடிய கேள்வி என்பதே நான் பயன்படுத்தும் உரைகல். பிள்ளைகளுக்கும் இந்தப் பிரிவினையை முதல் இரண்டு வகுப்புகளிலேயே கற்றுக் கொடுத்துவிட வேண்டும். கேள்விகளைத் தாள்துண்டுகளில் எழுதி, மூன்று குவியல்களாகப் பிரிக்கச் சொன்னால், எந்தக் குவியலில் போடுவது என்ற சச்சரவிலேயே பாதிப் பாடம் நடந்துவிடும்.

பேசுபொருளைத் தேர்ந்தெடுப்பது

வகுப்பு ஒரு கதையிலோ, படத்திலோ, பொருளிலோ தொடங்க வேண்டும். நீதி சொல்லி முடியும் கதைகளைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அவற்றில் விடை முன்கூட்டியே தைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைப் பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்து அதையே சொல்வார்கள். முடிவு இரு பக்கமும் இழுக்கும்படி அமைந்த சிறிய கதையே ஏற்றது.

பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதிவைத்த, தீசியஸ் என்ற கிரேக்கப் புராண வீரனின் கப்பல் கதை எந்த வயதிலும் பலன் தருவது. பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, கடைசியில் பழைய பலகை ஒன்றுகூட இல்லாத நிலையில், அது அதே கப்பல்தானா? பின்னாளில் தாமஸ் ஹாப்ஸ் சேர்த்த திருப்பத்தை வகுப்பின் நடுவில் வைத்துக்கொள்ளலாம்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, அதே வரிசையில் பொருத்தி இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸினுடையது? சிறிய பிள்ளைகளுக்குக் கப்பலுக்குப் பதிலாக மிதிவண்டி போதும். பிளேட்டோ சொல்லும் மோதிரக் கதையும் அப்படியே: அணிந்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும் மோதிரம் ஓர் இடையன் கையில் கிடைக்கிறது. பிடிபடவே மாட்டோம் என்று உறுதியானால் நேர்மையாக இருக்க என்ன காரணம் மிஞ்சும் என்ற கேள்வி அதிலிருந்து தானாகவே எழும்.

பலரும் முதல் வகுப்பிலேயே எடுக்கும் ரயில் வண்டிப் புதிரை நான் தொடக்கத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். தத்துவ அறிஞர் பிலிப்பா ஃபுட் 1967-இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்து வளர்ந்த அந்தப் புதிரில், கட்டுப்பாடின்றி ஓடிவரும் வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பி, ஐவரைக் காக்க ஒருவரைப் பலியிடலாமா என்று கேட்கப்படுகிறது. புதிர் நல்லது, ஆனால் அது இரண்டே வழிகளை நீட்டுவதால் பிள்ளைகள் கை தூக்கி வாக்களித்து எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அல்லது வண்டியை வேறு எப்படி நிறுத்தலாம் என்ற பொறியியல் யோசனையில் இறங்கிவிடுகிறார்கள். காரணம் சொல்லப் பழகிய வகுப்புக்கு, சில மாதங்கள் கழித்து, அதைக் கொடுக்கலாம்.

வகுப்பின் அமைப்பு

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி வட்டமாக உட்கார வேண்டும். ஆசிரியரும் அந்த வட்டத்தில் ஓர் இருக்கையில் அமர வேண்டும். வரிசைகளில் உட்கார்ந்தால் எல்லாப் பேச்சும் ஆசிரியரிடம் வந்து ஆசிரியரிடமிருந்தே திரும்பும், பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை உள்ள குழு வசதியானது. நாற்பது பேர் உள்ள வகுப்பானால் உள்வட்டம், வெளிவட்டம் என இரண்டாக அமர்த்தலாம். உள்வட்டம் பேசும்போது, வெளிவட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் தமக்கு ஒதுக்கப்பட்ட ஒருவரைக் கவனித்து, அவர் சொன்ன காரணங்களையும் அவர் யாருடைய கருத்துக்குப் பதில் சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்வார்கள். பாதி நேரத்தில் இடம் மாறிக்கொள்வார்கள். வெளிவட்டத்துக்கு வேலை கொடுக்காமல் விட்டால் அது சந்தைக்கடை ஆகிவிடும்.

வாரம் ஒரு முறை 45 நிமிடங்கள் கிடைத்தால் போதும். கதையை வாசிப்பதற்குப் பத்து நிமிடங்கள், கேள்விகளை உருவாக்குவதற்கு இன்னொரு பத்து நிமிடங்கள் போக, மீதியில் பெரும்பங்கு விசாரத்துக்கே. கேள்வியை ஆசிரியர் எழுதிக் கொடுக்காமல் பிள்ளைகளிடமிருந்து வரவழைப்பதே லிப்மன் வழி வந்த முறையின் உயிர்நாடி. கதை முடிந்ததும் இருவர் இருவராகச் சேர்ந்து, தங்களை உறுத்துவது எது என்று பேசி, ஒரு கேள்வியை எழுதுகிறார்கள். அவற்றை எழுதியவர் பெயருடன் பலகையில் எழுதி, ஒரே விஷயத்தைக் கேட்பவற்றைக் கோடிட்டு இணைத்து, எதைப் பேசலாம் என்று வாக்கெடுக்கலாம். தோற்ற கேள்விகளை அழித்துவிடாமல் ஒரு குறிப்பேட்டில் சேர்த்துவைக்க வேண்டும். தன் கேள்வி ஒருநாள் வரும் என்று தெரிந்த பிள்ளை அடுத்தவர் கேள்விக்கும் காது கொடுக்கும்.

விசாரத்தை வழிநடத்துவது

இதுவே மிகக் கடினமான பகுதி. இதில் ஆசிரியர் கைக்கொள்ள வேண்டிய நிலையை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: விடையில் நடுநிலை, காரணத்தில் கறார். எடுத்துக்காட்டாக, கொடுத்த வாக்கை மீறலாமா கூடாதா என்பதில் தன் கருத்து எது என்பதை ஆசிரியர் வெளிப்படுத்தாமல் இருக்க வேண்டும். ஆனால் காரணமற்ற கூற்றையோ, கேள்விக்குத் தொடர்பில்லாத காரணத்தையோ, முன்பு சொன்னதற்கு முரணானதையோ கண்டுகொள்ளாமல் விட்டுவிடக் கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எந்தப் பேச்சுக்கும் ‘அருமை, அடுத்து’ என்று சொல்லிக் கடந்துபோய், கடைசி ஐந்து நிமிடங்களில் தங்களுடைய விடையை எல்லாருக்கும் அறிவித்து முடிக்கிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படியே நடத்தினேன். பிள்ளைகள் மகிழ்ச்சியாக வந்து போனார்கள். மாதங்கள் கழிந்தும் ஒருவருடைய பேச்சு இன்னொருவருடைய பேச்சைத் தொடவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஒரு வகுப்பு எப்படி நகரலாம் என்பதற்கு மாதிரி ஒன்றைத் தருகிறேன். கதை இதுதான்: ஒரு சிறுமி தன் தோழியின் ரகசியத்தைக் காப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள், பிறகு, அந்த ரகசியத்தை மறைத்தால் மூன்றாவது ஒரு பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று அவளுக்குத் தெரியவருகிறது. கொடுத்த வாக்கை எப்போதாவது மீறலாமா என்ற கேள்வியை வகுப்பு தேர்ந்தெடுத்திருக்கிறது.

ஒரு மாணவன், “மீறவே கூடாது டீச்சர்” என்கிறான்.

“ஏன் கூடாது?”

“வாக்குன்னா வாக்குதான்.”

இங்கே அவன் காரணம் சொல்லவில்லை; முன்பு சொன்னதையே வேறு சொற்களில் சொல்லியிருக்கிறான். அதைக் குற்றமாகச் சுட்டாமல், “வாக்கை மீறினால் எது கெட்டுப்போகும்?” என்று கேட்கலாம்.

“அடுத்த தடவை யாரும் நம்மள நம்ப மாட்டாங்க.”

இப்போது காரணம் வந்துவிட்டது. அதைப் பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் அதன் வலிமையைச் சோதிக்கிறார்: “மீறியது யாருக்குமே தெரியாமல் போய்விட்டால்?”

சற்று நேரம் யாரும் பேசுவதில்லை. பிறகு ஒரு மாணவி, “தெரியாட்டாலும் தப்புதான். அவளை ஏமாத்தியாச்சே” என்கிறாள்.

“முதலில் சொன்ன காரணமும் இவள் சொல்வதும் ஒன்றுதானா?” என்ற கேள்வியை ஆசிரியர் வட்டத்தின் நடுவில் வைக்கிறார். மூன்றாவது பிள்ளை ஒன்றல்ல என்கிறது: “அவன் சொன்னது நமக்கு என்ன ஆகும்னு. இவ சொல்றது அவளுக்கு என்ன செஞ்சோம்னு.” நான்காவது பிள்ளை உடனே குறுக்கிடுகிறது: “அவளுக்குத் தெரியவே தெரியாதுன்னா, வலிக்கவே வலிக்காதே. வலிக்காத தீங்குன்னு ஒண்ணு இருக்கா?”

ஒரு செயலின் சரி, தவறு அதன் விளைவில் இருக்கிறதா, அந்தச் செயலிலேயே இருக்கிறதா என்ற பெரிய சிக்கலுக்கு வகுப்பு சில நிமிடங்களில் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு எந்த ஞானியின் பெயரும் தேவைப்படவில்லை. ஆசிரியர் இங்கே செய்தது கொஞ்சம்தான். காரணம் கேட்டார், அந்தக் காரணம் நிற்காத ஒரு சூழலைக் கற்பனை செய்து காட்டினார், இரண்டு காரணங்களை ஒப்பிடச் சொன்னார். எடுத்துக்காட்டு கேட்பது, எதிர் எடுத்துக்காட்டு தேடச் சொல்வது, ஒரு சொல்லை இருவர் இரு பொருளில் பயன்படுத்தும்போது நிறுத்திக் காட்டுவது, ‘நீ சொல்வது சரியானால் இதையும் ஒத்துக்கொள்ள வேண்டிவருமே’ என்று ஒரு படி முன்னே இழுத்துச் செல்வது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. சில மாதங்களில் பிள்ளைகளே இவற்றை ஒருவரிடம் ஒருவர் கேட்கத் தொடங்குவார்கள். வகுப்பு வளர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நம்பத்தக்க அடையாளம் எனக்குத் தெரியாது.

மௌனத்தைத் தாங்கிக்கொள்ளவும் ஆசிரியர் பழக வேண்டும். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே பொறுத்துவிட்டு மறுபடி தாமே பேசத் தொடங்கிவிடுவதையும், அதை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வருவதையும் கண்டார். அவர் கவனித்தவை அறிவியல் வகுப்புகள். தத்துவக் கேள்விக்கு மூன்று விநாடிகூடப் போதாது. மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுப் பேசுவது என்ற விதியை நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேச்சு ஒழுங்குக்கு விதிகள் குறைவாக இருந்தால் போதும். யாருடைய கருத்துக்குப் பதில் சொல்கிறோமோ அவர் பெயரைச் சொல்லித் தொடங்குவது, ‘உடன்படுகிறேன், ஏனென்றால்’ அல்லது ‘உடன்படவில்லை, ஏனென்றால்’ என்று நிலையைக் காரணத்தோடு சேர்த்துச் சொல்வது, ஆளைச் சாடாமல் கருத்தை மட்டும் மறுப்பது. மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பு சொன்னதை அவரே ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற விதியை ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சேர்த்துக்கொள்ளலாம். விதண்டைக்கு நான் கண்ட சிறந்த மருந்து அதுவே. பிறர் கருத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லும் உழைப்பைச் செய்த பிள்ளைக்கு அதைக் குதறும் ஆசை பாதி குறைந்துவிடுகிறது.

ஓயாமல் பேசும் பிள்ளைக்கு ஒரு வகுப்பில் மூன்று சீட்டுகள் கொடுத்து, பேசும் ஒவ்வொரு முறையும் ஒன்றை நடுவில் வைக்கச் சொல்லலாம். எதைச் சொல்வது என்று அது தேர்ந்தெடுக்கத் தொடங்கும். பேசாத பிள்ளையை எல்லார் முன்னும் வற்புறுத்தக் கூடாது. பெரிய வட்டத்துக்கு முன் இருவர் பேச்சாக இரண்டு நிமிடங்கள் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் கருத்து பக்கத்தில் இருப்பவர் வாய்வழியாகவேனும் வந்து சேரும். சில பிள்ளைகள் ஒரு பருவம் முழுவதும் வாய் திறக்காமல் இருந்து, பிறகு ஒருநாள் எல்லாருடைய பேச்சையும் கோத்து ஒரே வாக்கியத்தில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். மௌனத்தைச் சோம்பல் என்று எழுதிவைத்துவிட வேண்டாம்.

‘அது அவரவர் கருத்து’

பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டி எல்லா வகுப்பிலும் இந்த வாக்கியம் வந்தே தீரும். பெரும்பாலும் நல்ல எண்ணத்திலேயே வருகிறது. யாரையும் புண்படுத்த வேண்டாம் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. ஆனால் அதை அப்படியே விட்டால் விசாரம் அங்கேயே செத்துவிடும், ஏனென்றால் எல்லாக் கருத்தும் சமம் என்றான பிறகு காரணம் தேட யாருக்கும் வேலை இல்லை. இரண்டு விஷயங்கள் இதில் பிணைந்துகிடப்பதைப் பொறுமையாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: ஒரு கருத்தை வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்பது ஒன்று, அந்தக் கருத்து சரியானது என்பது மற்றொன்று. “இடது கையால் எழுதுபவர்களை விளையாட்டில் சேர்க்கக் கூடாது என்று ஒருவர் கருதினால், அதுவும் அவரவர் கருத்துதானா?” என்று கேட்டால், சற்று முன் தலையாட்டிய பிள்ளைகளே எதிர்ப்பார்கள். எதிர்த்த பிறகு, ஏன் எதிர்த்தார்கள் என்று காரணம் கேட்கலாம். விசாரம் மீண்டும் உயிர்பெறும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தகவலால் தீர்ந்துபோன விஷயத்தை வாக்கெடுப்புக்கு விடக் கூடாது. பூமி உருண்டையா தட்டையா என்பது தத்துவ வகுப்பின் விவாதப் பொருள் ஆகாது, அதை எப்படி அறிந்தோம் என்பதுதான் ஆகும். வகுப்பில் உள்ள ஒரு பிள்ளையின் மதிப்பையே கேள்விக்குள்ளாக்கும் பேச்சு வந்தாலும் ஆசிரியர் நடுநிலையை விட்டு இறங்கி, அதை அங்கேயே நிறுத்த வேண்டும்.

தொடக் கூசும் விஷயங்கள்

சாவு, கடவுள், குடும்பம், நட்பின் முறிவு ஆகியவற்றைப் பிள்ளைகள் கட்டாயம் கொண்டுவருவார்கள்; அவர்களுக்கு அவை வெறும் கருத்துகள் அல்ல. தவிர்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சைக் கதையில் வரும் ஆளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘உன் வீட்டில் எப்படி?’ என்ற கேள்வி தத்துவ வகுப்பில் ஒருபோதும் ஆசிரியர் வாயிலிருந்து வரக் கூடாது. எந்தப் பிள்ளைக்கும் எந்தக் கேள்விக்கும் ‘நான் இதைக் கடந்து போகிறேன்’ என்று சொல்லும் உரிமை உண்டு என்பதை முதல் நாளே அறிவித்துவிட வேண்டும். வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்த பிள்ளை குழுவில் இருந்தால், அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே தனியாகப் பேசாமல் சாவைப் பற்றிய கதையை எடுக்கக் கூடாது. பேச்சுக்கு நடுவில் ஒரு பிள்ளை தனக்கு நேரும் தீங்கு எதையேனும் வெளிப்படுத்தினால், விசாரத்தை மெல்ல வேறு பக்கம் திருப்பிவிட்டு, வகுப்பு முடிந்ததும் தனியாகக் கேட்டு, பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். அதற்கு முன் எந்தத் தத்துவமும் முக்கியமல்ல.

நம்பிக்கைகளைப் பற்றிய பேச்சில் ஒரு நுணுக்கம் உதவும். கடவுள் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் பிள்ளைகள் தம் வீட்டின் விடையைக் காக்க அணிவகுத்துவிடுவார்கள். பார்க்க முடியாத ஒன்று இருக்கிறது என்று நம்புவதற்கு எவையெல்லாம் நல்ல காரணமாகும் என்று கேட்டால், காற்று, எண்கள், நேற்று, அன்பு என்று பலவற்றைத் தொட்டுப் பேச்சு விரியும். யாருடைய வீட்டையும் யாரும் தாக்க வேண்டியிராது.

வயதுக்கேற்ற மாற்றங்கள்

ஆறு முதல் எட்டு வயது வரை பொருள்களை வைத்துத் தொடங்குவது எளிது. தரையில் மூன்று வளையங்கள் வரைந்து, உயிருள்ளது, உயிரற்றது, தெரியவில்லை என்று பெயரிட்டு, விதை, நெருப்பு, நதி, முட்டை, உதிர்ந்த இலை ஆகியவற்றின் படங்களை வைக்கச் சொன்னால், நெருப்பு வளர்கிறது, தின்கிறது, சாகிறது, பிறகு ஏன் உயிரில்லை என்ற வாதம் பெரியவர்களையும் திணறவைக்கும். இருபது நிமிடங்களுக்கு மேல் நீட்ட வேண்டாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ள வயதே இதற்குப் பொற்காலம். மேலே விவரித்த முறை முழுமையாக அவர்களுக்குப் பொருந்தும்.

பதின்ம வயதினர் பிறர் முன் தவறுவதற்கு அஞ்சுவார்கள், ஆதலால் பேச்சோடு எழுத்தையும் சேர்க்க வேண்டும். தன் நிலை, அதற்கான காரணம், அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது, அதற்குத் தன் பதில் என்ற நான்கு பகுதிகளில் ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். மூன்றாம் பகுதியை எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் படிப்பேன். பிரான்சில் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் தத்துவத்தைப் பாடமாகப் படித்து, அதற்கு நான்கு மணி நேர எழுத்துத் தேர்வு எழுதுகிறார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் நீண்ட வாதத்தை எழுத்தில் தாங்கிப்பிடிக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஞானிகளின் பெயர்களையும் இந்த வயதில் அறிமுகப்படுத்தலாம், ஆனால் ஒரு வாதத்தை மாணவர்கள் தாமே கண்டடைந்த பிறகு. ‘நீ சொன்னதை இமானுவேல் கான்ட் என்பவரும் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார், அவர் எங்கே உன்னிடமிருந்து பிரிகிறார் என்று பார்’ என்று கொடுக்கப்படும் பக்கத்தை அவர்கள் ஆவலோடு படிப்பார்கள்.

பலனை அளப்பது

மேலதிகாரிகளும் பெற்றோரும் இதனால் மதிப்பெண் கூடுமா என்று கேட்பார்கள். நேர்மையான பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் 9 முதல் 11 வயது வரையுள்ளவர்களிடையே நடத்தப்பட்டு, டரம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட மதிப்பீடு, வாசிப்பிலும் கணிதத்திலும் ஏறத்தாழ இரண்டு மாதக் கூடுதல் முன்னேற்றம் தெரிவதாகச் சொன்னது. அதைவிடப் பெரிய அளவில் ஏறக்குறைய 200 பள்ளிகளில் மறுபடி சோதித்து 2021-இல் வெளியான மதிப்பீட்டில் வாசிப்பில் அத்தகைய பலன் தென்படவில்லை. எனவே மதிப்பெண்ணைக் காட்டி இந்த வகுப்பை விற்க முயல்வது சரியல்ல. காரணம் கேட்கவும் சொல்லவும் தெரிவது தன்னளவிலேயே கற்கத்தக்கது என்று சொல்லி இடம் கேட்பதே முறை. பிள்ளைகளுக்கும் இந்த வகுப்பில் மதிப்பெண் போட வேண்டாம். போட்ட நாளிலிருந்து அவர்கள் ஆசிரியரின் விடையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியது எளிது. பிள்ளை ஒரு பெரிய கேள்வி கேட்டால் உடனே விடை தராமல், “உனக்கு என்ன தோன்றுகிறது, ஏன்?” என்று கேட்டு, பிறகு தமக்கு உண்மையாகத் தோன்றுவதையும் அதற்கான ஐயத்தையும் சேர்த்தே சொல்லலாம்.

வகுப்பை முடிக்கும்போது தீர்வு அறிவிக்க வேண்டியதில்லை. கடைசி ஐந்து நிமிடங்களில் வட்டமாக ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்லலாம்: கருத்து மாறியதா, மாறாவிட்டால் எந்த எதிர்வாதம் தன்னை மிகவும் தொந்தரவு செய்தது. விடை கிடைக்காமல் போனதில் சில பிள்ளைகள் எரிச்சல் அடைவார்கள். அவர்களிடம், எத்தனை விடைகளை இன்று காரணத்தோடு ஒதுக்கினோம் என்று பலகையைக் காட்டலாம், ஏனெனில் அதுவும் முன்னேற்றமே. பிள்ளைகள் போன பிறகு, நினைவு மங்குவதற்கு முன், ஆசிரியர் பத்து நிமிடங்கள் உட்கார்ந்து மூன்று குறிப்புகள் எழுத வேண்டும்: எந்த இடத்தில் பேச்சு திரும்பியது, எந்த இடத்தில் தாம் அளவுக்கு மீறிப் பேசினார், எந்த வாக்கியம் யாராலும் தொடப்படாமல் கிடந்தது. அடுத்த வாரம் அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி, சொன்ன பிள்ளையின் பெயரையும் பக்கத்தில் எழுதிவிட்டு, அங்கிருந்தே தொடங்கலாம்.